யானைத் தாலாட்டு

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கச்சேரிக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் தலையை ஆட்டும்போது நானும் ஆட்டுவேன். அவர் நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவேன். ஒருமுறை அப்படி வெகு நேரம் ஆட்டிய பிறகுதான், பக்கத்து ஆசாமி ரசித்துக்கொண்டிருக்கவில்லை, தூங்கி விழுந்துகொண்டிருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தேன். இத்தகைய மேதை சங்கீதத்தைப் பற்றி, அதுவும் அமெரிக்கக் கார்ட்டூன் படங்களின் சங்கீதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறான் என்றால், அதற்குப் பொறுப்பாளி நான் அல்ல. என் மகள். அவளுக்கு எட்டு வயது.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கதாநாயகி ரயில் ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் மூன்று நாளாகப் பிளாட்பாரத்தில் நின்றாள். அடுத்த அறையில் டெலிவிஷன். அதிலிருந்து ஊதலும் கொட்டும் சிரிப்புமாக ஒரே அமர்க்களம். பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனேன்.

"ஏம்மா, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கக் கூடாதா? மனுஷன் எழுத வேண்டாமா?"

"உஷ், அப்பா! கரடி பாடுது!" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வீட்டில் எனக்குள்ள மரியாதை கரடிக்கு அடுத்தபடிதான் என்பது தெரிந்துவிட்டது. சரி, என்னதான் பாடுகிறது என்று வாசல்படியில் சாய்ந்து நின்றேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். படம் முடியும் வரையில் எழுந்திருக்கவில்லை. கதாநாயகி நாலாவது நாளும் பிளாட்பாரத்தில்தான் நின்றாள்.

அந்தப் படம் 1967-இல் வெளிவந்த 'ஜங்கிள் புக்'. கிப்ளிங் 1894-இல் எழுதிய கதைகளை வைத்து வால்ட் டிஸ்னியின் கூடத்தில் தயாரித்தது. காடு நம் மத்தியப் பிரதேசத்துக் காடு. கரடியின் பெயர் பாலூ. இந்திக்காரர்கள் கரடியை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சிவனிக் காட்டுக் கரடி பாடுவதோ அசல் ஜாஸ் சங்கீதம்! குரங்கு ராஜாவாகப் பாடியவர் லூயி பிரைமா. ஜாஸின் பிறந்தகமான நியூ ஆர்லியன்ஸ்காரர். நம்முடைய பண்டிதர்கள் கேட்டால், 'இந்தியக் காட்டில் சாக்ஸபோன் ஏது?' என்று சண்டைக்கு வருவார்கள். எனக்கும் முதலில் அந்த எண்ணம் வந்தது. ஆனால் கரடி முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததும் பூகோளம் மறந்து போயிற்று. வயிற்றுக்கு வேண்டியது கொஞ்சந்தான், அதைக் காடே கொடுத்துவிடும், மற்றதற்கெல்லாம் ஏன் அடித்துக்கொள்கிறாய் என்று அந்தக் கரடி சொல்கிறது. நம் சித்தர்கள் சொன்ன சங்கதிதான். கொஞ்சம் குஷியாகச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. படத்துக்கு முதலில் பாட்டெல்லாம் எழுதியவர் டெர்ரி கில்கிஸன் என்பவர். அவருடைய பாட்டுகள் இருண்டு கிடக்கின்றன என்று சொல்லி, ஷெர்மன் சகோதரர்கள் இருவரைப் பிடித்து வேறு பாட்டுகள் எழுதச் சொன்னார்கள். கில்கிஸனுடைய பாட்டில் ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. அதுதான் கரடி பாட்டு. அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசின் சிபாரிசுப் பட்டியலில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அந்த ஒரு பாட்டுத்தான். படம் வெளிவந்தபோது வால்ட் டிஸ்னி உயிரோடு இல்லை. 1966 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். பத்திரிகை ஆசிரியர்களிடமிருந்து கதைகள் திரும்பி வரும்போதெல்லாம் நான் இனி கில்கிஸனை நினைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

அன்று பிடித்தது பைத்தியம். மகளோடு உட்கார்ந்து பழைய கார்ட்டூன் படங்களாகப் பார்க்க ஆரம்பித்தேன். நான் கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டவன். ஆங்கிலம் புத்தகத்தில் இருந்தால் புரியும். பாட்டில் வந்தால் பாதி புரியாது. என் மகள் பொழிப்புரை சொல்லுவாள். அவளுக்குப் புரியாத இடங்களில் அவளே ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடுவாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. இந்தப் பாட்டுகளில் பாதிக் காரியத்தைச் சொல் செய்கிறது. மீதியைச் சித்திரமும் தாளமும் செய்துவிடுகின்றன.

அந்தத் தாள விஷயம் எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது. நடிகர் ஆடுகிற படமானால் ஆளை ஆடச் சொல்லி, தாளத்தோடு சேர்த்துப் படம் பிடித்துவிடலாம். சித்திரம் எப்படி ஆடும்? அதற்குக் காது ஏது? 1928-இல் டிஸ்னியின் கூட்டத்தாருக்கு வந்த பிரச்சினை இதுதான். 'ஸ்டீம்போட் வில்லி' என்று, நீராவிப் படகில் போகும் சுண்டெலியின் கதையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வில்பிரெட் ஜாக்ஸன் என்று ஓர் இளைஞர் அங்கே இருந்தார். அவருடைய தாயார் பியானோ வாத்தியார் அம்மாள். ஆகையால் பையனுக்கு மெட்ரோனோம் என்ற கருவி பழக்கம். மாணவர் தாளம் தப்பாமல் இருக்க 'டக், டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும் பெட்டி அது. பேசும் படம் விநாடிக்கு 24 பிரேம் வீதம் ஓடுகிறது. விநாடிக்கு இரண்டு அடி என்று தாளம் வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கு 12 பிரேம். ஆக, பன்னிரண்டாவது பிரேமில் எலியின் கால் தரையில் பட்டால் தாளம் தப்பாது! பாட்டை முதலில் கணக்காகப் பிரித்துத் தாளில் எழுதிக்கொண்டு, அந்தக் கணக்குக்கு ஏற்பச் சித்திரம் போட்டார்கள். நம் ஊர் மிருதங்க வித்வான் கேட்டால், 'இதிலே என்ன அதிசயம்? நாங்கள் மனசிலேயே போடுகிற கணக்குத்தானே' என்பார். அது வாஸ்தவம். அவர்கள் பேனாவிலும் மசியிலும் போட்டார்கள்.

பாதிப் படம் தயாரானதும் ஒரு நாள் ராத்திரி பரீட்சை வைத்தார்கள். சித்திரக்காரர்களின் மனைவிமார் திரைக்கு முன்னால். திரைக்குப் பின்னால் ஜாக்ஸன் மௌத் ஆர்கன் வாசிக்க, மற்றவர்கள் சட்டி பானைகளைத் தட்டிச் சத்தம் கொடுத்தார்கள். எலி குதித்ததும் சட்டி அதிர்ந்தது. சித்திரமே சத்தம் போடுவது போல் இருந்ததாம். திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு நியூயார்க்கில் வாத்தியக் கோஷ்டியை வைத்து ஒலிப்பதிவு செய்தபோது முதல் தடவை தாளம் படத்தோடு சேரவில்லை. கூலி கொடுத்ததுதான் மிச்சம். இரண்டாவது தடவைக்குப் பணமில்லாமல் டிஸ்னி தம் மோட்டார் காரையே விற்றார். ஒரு எலி தாளந்தப்பாமல் குதிக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் காரை விற்கிறான்! இப்படிப்பட்ட கிறுக்கர்கள் இருப்பதனால்தான் உலகத்தில் குழந்தைகளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் மிச்சம் இருக்கிறது.

ஒன்பது வருஷங்கள் கழித்து, 1937 டிசம்பரில், 'ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' வந்தது. இதற்காக இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதினார்களாம். படத்தில் நின்றவை எட்டு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, 'இப்போது ஒரு பாட்டு' என்று வைப்பது டிஸ்னிக்குப் பிடிக்காது. பாட்டிலேயே கதை நகர வேண்டும் என்பார். அந்தப் படத்தில் வீடு கூட்டுவதற்கு ஒரு பாட்டு. முகம் கழுவுவதற்கு ஒரு பாட்டு. வேலை முடிந்து திரும்புவதற்கு ஒரு பாட்டு. நமக்கு இது புதிதல்ல. நாற்று நடவும், ஏற்றம் இறைக்கவும், சுண்ணாம்பு இடிக்கவும் பாட்டு வைத்திருந்த ஜனங்கள் நாம். வேலை செய்கிறவன் பாடுவான் என்ற பழைய உண்மையைத்தான் அந்தக் குள்ளர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்நோ ஒயிட்டுக்குக் குரல் கொடுத்தவள் ஏட்ரியானா காஸெலாட்டி என்ற பெண். தகப்பனார் லாஸ் ஏஞ்சல்ஸில் பாட்டு வாத்தியார். 'குழந்தைக் குரலில் பாடக்கூடிய பெண் யாராவது உண்டா?' என்று ஸ்டூடியோவிலிருந்து அவருக்கு டெலிபோன் வந்ததாம். வீட்டில் இன்னொரு டெலிபோனில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மகள், தகப்பனாரைப் பேச விடாமல் தானே பாடிக் காட்டிவிட்டாளாம். வேலை கிடைத்தது. சம்பளம் 970 டாலர். ஆனால் படத்தில் அவள் பெயரைப் போடவில்லை. உலகம் முழுவதும் அந்தக் குரலைக் கேட்டது. குரலுக்குரியவள் யார் என்று திரையில் ஒரு வரி கிடையாது.

1940-இல் வந்த 'பினோக்கியோ'வில், நட்சத்திரத்தைப் பார்த்து வேண்டிக்கொள்ளும் பாட்டு ஒன்று வருகிறது. டிஸ்னி படப் பாட்டுக்கு முதல் ஆஸ்கார் பரிசை வாங்கிக் கொடுத்தது அதுதான். மெட்டுப் போட்டவர் லீ ஹார்லைன். எழுதியவர் நெட் வாஷிங்டன். சுவர்க்கோழியாக வந்து பாடியவர் கிளிஃப் எட்வர்ட்ஸ். கையில் சிறிய கிடார் போன்ற யுகலேலேயை வைத்துக்கொண்டு 1920-களில் அமெரிக்காவையே மயக்கிய பாடகர் அவர். சம்பாதித்ததெல்லாம் போயிற்று. 1971-இல் தர்ம நோயாளியாக இறந்தார். உடலைக் கேட்டு முதலில் ஒருவரும் வரவில்லை. நட்சத்திரத்திடம் கேட்டால் எல்லாம் கிடைக்கும் என்று மூன்று தலைமுறைக் குழந்தைகளை நம்ப வைத்த குரல் அது.

இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு வீட்டில் யாராவது அகப்பட்டால் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி, "முதல்ல அந்தப் பொண்ணை ரயில் ஏத்திவிடுங்க" என்றாள். அவளுக்குக் கதாநாயகியின் மேல் இரக்கம்.

இவ்வளவும் பீடிகை. இனிமேல்தான் சொல்ல வேண்டியது வருகிறது.

ஒரு நாள் சாயங்காலம் 'டம்போ' பார்த்தோம். என் தாயாரும் கூடத்தில் இருந்தாள். அம்மாவுக்கு எழுபது வயதாகப் போகிறது. ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகளுக்கு அப்பால் அவளுக்கு அக்கறை கிடையாது. முறத்தில் அவரைக்காயை வைத்துக்கொண்டு நறுக்கியபடியே, பேத்தியின் திருப்திக்காகப் படத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'டம்போ' 1941 அக்டோபரில் வெளிவந்தது. 64 நிமிஷப் படம். அதற்கு முன்னால் வந்த 'பினோக்கியோ'வும் 'பான்டேஸியா'வும் கையைக் கடித்திருந்தன. ஐரோப்பாவில் யுத்தம், வெளிநாட்டு வசூல் நின்றுவிட்டது. ஆகவே இதைச் சிக்கனமாக எடுத்தார்கள். 'பினோக்கியோ'வுக்கு ஆன செலவில் பாதிகூட ஆகவில்லை. போதாக்குறைக்கு, அந்த வருஷம் மே மாதத்தில் டிஸ்னியின் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடனும் சண்டையுமாக இருந்த வீட்டில் பிறந்த குழந்தை இது. அதில் குறையும் உண்டு. காக்கைகள் பாடும் ஒரு காட்சியில் கறுப்பினத்தவரைக் கேலிப் பொருளாக்கியிருக்கிறார்கள். தலைவன் காக்கைக்குக் கறுப்பர் போலப் பேசிப் பாடியதும் நம் சுவர்க்கோழி எட்வர்ட்ஸ்தான், அவர் வெள்ளைக்காரர். மகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

கதை சின்னது. சர்க்கஸில் ஒரு தாய் யானை; அதற்கு ஒரு குட்டி; குட்டிக்குக் காது மிகப் பெரிது. எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு நாள் போக்கிரிப் பையன்கள் சிலர் குட்டியின் காதைப் பிடித்து இழுக்கிறார்கள். தாய் யானை அவர்களில் ஒருவனைத் தும்பிக்கையால் பிடித்து அடிக்கிறது. உடனே அதற்கு மதம் பிடித்துவிட்டது என்று சொல்லி, காலில் சங்கிலி போட்டு, கம்பி வைத்த கூண்டு வண்டியில் அடைத்துவிடுகிறார்கள்.

"அந்த ஆனை என்ன தப்புப் பண்ணிச்சு?" என்று கேட்டாள் அம்மா.

"குட்டியைக் கிண்டல் பண்ணின பையனை அடிச்சிடுச்சு, அப்பாயி."

"பின்னே? பெத்தவ பார்த்துக்கிட்டு நிப்பாளா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அரிவாள்மணையைப் பார்த்தாள்.

இராத்திரியில், அதன் சிநேகிதனான சுண்டெலி குட்டியைத் தாயிடம் அழைத்துப் போகிறது. கூண்டின் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. சங்கிலி இருப்பதால் தாய் ஜன்னலண்டை வர முடியவில்லை. எட்டி எட்டிப் பார்க்கிறது. குட்டியைக் காண முடியவில்லை. தும்பிக்கையை மட்டும் கம்பிகளுக்கு வெளியே நீட்டித் தடவுகிறது. குட்டியின் முகம் தட்டுப்படுகிறது. குட்டி அந்தத் தும்பிக்கையைப் பிடித்துக்கொள்கிறது. தாய் அதையே ஊஞ்சலாக வளைத்துக் குட்டியை ஆட்டுகிறது. அப்போதுதான் 'பேபி மைன்' என்ற தாலாட்டு வருகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குட்டி படம் முழுவதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தாயும் குட்டிக்கு வைத்த பெயரை ஒரு தடவை சொல்வதைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. தாலாட்டையும் யானை வாய் திறந்து பாடவில்லை. குரல் எங்கிருந்தோ வருகிறது. பாட்டு நடக்கையில் சர்க்கஸின் மற்றக் கூண்டுகளைக் காட்டுகிறார்கள். ஒட்டகச்சிவிங்கியும், குரங்கும், நீர்யானையும் தத்தம் குட்டிகளை அணைத்தபடி தூங்குகின்றன. எல்லாத் தாயும் குட்டியும் கம்பிக்கு ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். இந்த இரண்டும் மட்டும் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அதைச் சொல்வதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

அரிவாள்மணையின் சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா காயைக் கையில் வைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். என் தகப்பனாரின் திதிகளில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்து, போகும் நேரம் வந்து, தும்பிக்கை கையசைப்பது போல் அசைந்தது.

"குட்டி போய்ப் பிடிச்சுக்கிச்சு" என்றாள் அம்மா. அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் மகளுக்கு அது யானையைப் பற்றிச் சொன்ன வார்த்தை. எனக்கு அப்படி இல்லை.

நான் நான்கு வயதுக் குழந்தையாக இருக்கும்போது என் தகப்பனார் இறந்தார். அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்திருந்தாள். தாத்தா, அம்மாவின் தகப்பனார், உறவினர்களின் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவளை ஆசிரியப் பயிற்சியில் சேர்த்தார். இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். நான் கிராமத்தில் தாத்தாவோடு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தா என்னைப் பஸ்ஸில் அழைத்துப் போவார். விடுதியில் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரையில் பார்க்கலாம். வேப்பமரத்தடியில் ஒரு சிமென்டுத் திண்ணை. அம்மா என்னை மடியில் வைத்துக்கொள்வாள். ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள்.

ஒரு மாதம் வழியில் பஸ் நின்றுவிட்டது. போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. கம்பிக் கதவைப் பூட்டியாகிவிட்டது. தாத்தா காவல்காரரிடம் கெஞ்சினார். வார்டன் அம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார். விதி விதிதான் என்று பதில் வந்தது. கதவைத் திறக்க மாட்டார்கள், ஆனால் கதவண்டை நின்று ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா ஓடி வந்தாள். கம்பிக்குள் கையை விட்டு, "வாடா ராஜா" என்றாள்.

நான் போகவில்லை.

ஐந்து வயதுப் பயல். மத்தியானம் முழுவதும் வெயிலில் நின்றிருந்தேன். பசி. எல்லாவற்றுக்கும் அவள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. என்னை விட்டுவிட்டு உள்ளே இருக்கிறாள், கதவையும் பூட்டிக்கொண்டிருக்கிறாள். தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன். தாத்தா இழுத்தார், உதறினேன். அம்மாவின் கை கம்பிக்கு வெளியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க முடியாது, விதி அப்படி. பிறகு தாத்தா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கை அப்படியே இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் கச்சாப் பொருள் என்பார்கள். எத்தனையோ தாய்களைக் கதைகளில் அழ வைத்திருக்கிறேன். இந்தக் கதவை மட்டும் எழுதவில்லை. அம்மாவும் பேசியதில்லை. மறந்திருப்பாள் என்று என் சௌகரியத்துக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கோ அமெரிக்காவில், எண்பது வருஷங்களுக்கு முன்னால், யாரோ வரைந்த ஒரு யானை வந்து அதைக் கிளப்பிவிட்டது.

யாரோ என்று சொல்லிவிட்டேன். அப்படி விட மனம் வரவில்லை. யார் யார் என்று தேடிப் பார்த்தேன். குட்டியையும் தாயையும் அந்தக் காட்சியில் வரைந்தவர் பில் டைட்லா. முந்திய வருஷம் 'பான்டேஸியா'வில், மலை உச்சியில் இறகு விரிக்கும் பிரும்மாண்டமான பிசாசை வரைந்தவர் அவர்தான். வீட்டில் அவருக்கு இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. அதன் முகபாவங்களைப் பார்த்துத்தான் யானைக்குட்டியை வரைந்தார். பிசாசு வரைந்த கை, குழந்தையைப் பார்த்ததும் இப்படி மாறியிருக்கிறது. பிறகு அவரும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்து வெளியே போய் நின்றார்.

பாட்டை எழுதியவர் நட்சத்திரப் பாட்டை எழுதிய அதே நெட் வாஷிங்டன். மெட்டுப் போட்டவர் பிராங்க் சர்ச்சில். டாக்டர் படிப்பை விட்டுவிட்டுப் பியானோவுக்கு வந்தவர். பேசாப் படக் காலத்தில் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்தவர். 1933-இல், ஓநாய்க்குப் பயப்படாத மூன்று பன்றிக்குட்டிகளின் பாட்டைப் போட்டார். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து கிடந்த ஜனங்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். ஸ்நோ ஒயிட்டின் பாட்டுகளும் அவருடைய மெட்டுகளே. 'டம்போ'வின் இசைக்காக அவருக்கும் ஆலிவர் வாலஸுக்கும் 1942 பிப்ரவரியில் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. தாலாட்டும் சிறந்த பாட்டுக்கான பட்டியலில் இருந்தது. ஆனால் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்ட பாரிஸ் நகரை நினைத்து ஏங்கும் வேறொரு பாட்டு பரிசைத் தட்டிக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 14-ஆம் தேதி, நாற்பது வயதில், சர்ச்சில் தன் கையாலேயே தன் உயிரைப் போக்கிக்கொண்டார். ஆகஸ்டில் 'பாம்பி' வந்தது. தாயை இழந்த மான்குட்டியின் கதை. அதன் பாட்டுகளும் அவர் போட்டவை. அவர் கேட்க இல்லை.

உலகத்துக் குழந்தைகளையெல்லாம் தேற்றிய மனிதனைத் தேற்ற ஒரு மெட்டு அகப்படவில்லை என்று எழுதினால் அலங்காரமாக இருக்கும். ஆனால் ஒரு மனிதனுடைய மனத்தில் என்ன நடந்தது என்று நமக்கு என்ன தெரியும்? நாற்பதைத் தாண்டிய நான் அந்தத் தேதியைப் படித்துவிட்டு அன்று ஒன்றும் எழுதாமல் இருந்தேன்.

பாடியவள் பெட்டி நாய்ஸ். அவள் பெயரும் படத்தில் இல்லை. அதைவிட வேடிக்கை ஒன்று: 1952-இல் 'சிங்கிங் இன் தி ரெயின்' என்ற பிரசித்தமான படம் வந்தது. நடிகைக்குப் பின்னணியில் குரல் கொடுத்து, பெயர் இல்லாமல் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு பெண்ணின் கதை. கடைசியில் திரையை விலக்கி, பாடியவள் இவள்தான் என்று உலகத்துக்குக் காட்டுகிறார்கள். அந்தப் பெண்ணாக நடித்த டெபி ரெய்னால்ட்ஸ் இரவல் குரலில் பாடும் காட்சி ஒன்று அதில் வருகிறது. அந்தக் குரல் உண்மையில் டெபி ரெய்னால்ட்ஸின் குரலே அல்ல. பெட்டி நாய்ஸின் குரல். அதிலும் அவள் பெயரைப் போடவில்லை! அவளுக்கு யாரும் திரையை விலக்கவில்லை.

இதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அவளிடம் பேச வேண்டியிருந்தது. அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஆனைப் பாட்டுக் கேட்டியே, அதைப் பாடின அம்மா பேரையே படத்தில் போடலையாம்."

"தாலாட்டுக்குப் பேர் போட்டுக்கிட்டாடா பாடுவாங்க?" என்றாள் அம்மா.

வாஸ்தவந்தான். நம் ஊரில் ஆயிரம் தாலாட்டு இருக்கிறது. எதற்காவது ஆசிரியர் பெயர் உண்டா? நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். ஒரு தண்டை எடுத்து நானும் ஆய்ந்தேன். நாலைந்து இலைகளைத் தப்பாகக் கிள்ளினேன். பிறகு கேட்டேன்.

"அம்மா, விடுதியில் ஒரு நாள் கதவைத் திறக்க மாட்டேன்னுட்டாங்களே... நீ கையை நீட்டினே. நான் வரலை. ஞாபகம் இருக்கா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு நீ சாப்பிடாம வந்திருந்தே" என்றாள். "மத்தியானம் போட்ட வடை ரெண்டை உனக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். அவசரத்துல ஓடி வந்ததுல எடுத்துக்கிட்டு வர மறந்துட்டேன். போய் எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ளே பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உன் தாத்தா தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. புள்ளை பசியோட போயிடுச்சேன்னு ராத்திரி பூரா தூக்கமே இல்லை. அதான் ஞாபகம் இருக்கு."

"நான் கையைப் பிடிக்கலையே, அது?"

"அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கு? அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்?" என்றாள். "தண்டை அப்படிக் கிள்ளாதே. நார் வருது பாரு."

மறந்துதான் போனாளா, அல்லது எனக்காக மறந்தாளா என்று இதுவரையில் எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு கையை. அவள் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு வடையை. தன் பங்குக்கு அவளும் ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். என் கதைகளில் வரும் தாய்மார்கள் எவ்வளவு பொய்யானவர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கதாநாயகியையும் ஒருவாறு ரயில் ஏற்றிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மறுபடியும் 'டம்போ' போட்டாள். அம்மா தானாகவே வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை கையில் முறம் இல்லை. கூண்டுக் காட்சி வந்தது. நான் எழுந்து போய் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பாட்டு ஆரம்பித்ததும் அம்மா ஒன்றும் சொல்லாமல் கையை என் தலைமேல் வைத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, மறைக்குது, தலையைக் குனிங்க" என்றாள் என் மகள்.

குனிந்துகொண்டேன்.